வட்டு தரையைத் தொடும் வரை

நடிக்க வந்த முதல் சில ஆண்டுகளில் என் பாத்திரங்களுக்குப் பெயர் இருந்ததில்லை. படப்பிடிப்புத் தாளில் 'அடியாள் 2' என்று இருக்கும். இல்லையென்றால் காவலாளியாக 'ஜாகா', அதுவும் இல்லையென்றால் 'வட்டிக்காரரின் ஆள்'. கதவைத் தள்ளிக்கொண்டு வருவேன், கதாநாயகனின் சட்டையைப் பிடிப்பேன், அடி வாங்கி மேசைமேல் விழுவேன். அதற்குத்தான் கூப்பிட்டார்கள். ஆறடியைத் தாண்டிய உயரம், வட்டெறிந்து வளர்ந்த தோள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நாடகம் எடுப்பவர்களுக்கு அப்படி ஓர் உடம்பு எப்போதும் தேவைப்பட்டது. அந்த வேலையை நான் தாழ்வாக நினைத்ததில்லை. மேசைமேல் ஒழுங்காக விழுவதும் ஒரு கலைதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் கேமராவின் முன் நின்ற பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. விளையாட்டு வீரனிடமிருந்து திரைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பொருள் அவன் தோளில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த இயக்குநர்கள் குறைவு. கேட்காமலே கொடுக்கத் தெரிந்த வீரர்களும் குறைவு.

அப்பா போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்கியவர். தாத்தா காப்பார்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் உடம்பு உண்டு. அதைச் சோற்றுக்கு உழைக்கும் கருவியாகவே பார்த்துப் பழகியிருந்தோம். அதை வைத்து விளையாடவும் செய்யலாம் என்று எனக்குக் காட்டியவர் கிள்ளானில் இடைநிலைப் பள்ளியில் உடற்கல்வி எடுத்த ஒரு சீக்கிய வாத்தியார். எறிதல் போட்டிகளில் மலேசியச் சீக்கியர்களுக்கு ஒரு பரம்பரையே உண்டு. நஷத்தர் சிங் சித்து நாட்டுக்காக ஈட்டி எறிந்த கதையை அவர் சொல்லும்போது திடலே அமைதியாகிவிடும். என்னை ஒரு நாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையில் வட்டைக் கொடுத்தார்.

ஆண்களுக்கான வட்டு 2 கிலோ எடை. அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நான்கு விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பில் மடங்கியிருக்கும். கட்டைவிரல் சும்மா மேலே படுத்திருக்கும். சுழலும் விசைதான் வட்டைக் கையோடு ஒட்டி வைக்கிறது. 2.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பின்விளிம்பில், எறியப்போகும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று. கால் ஊன்றி, இடுப்பு முந்தி, தோள் பிந்தி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கை வரும். பம்பரம் சாட்டையை விட்டுக் கழல்வதுபோல, வட்டு ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டு சுழன்றபடியே போகும். கை முந்திவிட்டால் எறிதல் கெட்டது. பையன்கள் எல்லோருக்கும் கைதான் முந்தும். பலம் அங்கே இருக்கிறது என்று நினைப்பு. "சபார் லா, சபார்!" என்று வாத்தியார் திடலின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார். பொறுத்திரு என்கிறார். அவ்வளவு பெரிய உடம்புகளைப் பார்த்து ஒரு மனிதர் மாலை முழுவதும் பொறுமையைப் போதித்துக்கொண்டிருந்தார்.

எறிந்த பிறகும் வேலை முடிவதில்லை. வட்டு தரையைத் தொடும் வரை எறிந்தவன் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. தொட்ட பிறகும் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்னால் ஒரு கால் பட்டாலும் சிவப்புக் கொடி. வட்டு எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கணக்கில் வராது. எறிந்த வேகமோ உடம்பை முன்னே தள்ளும். கால் மாற்றி, உடம்பைத் தாழ்த்தி, ஒற்றைக் காலில் சுழன்று அந்த வேகத்தை உள்ளுக்குள்ளேயே கரைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வானத்தில் போகும் வட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில், யாரும் பார்க்காத எறிபவன் தன் உடம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். என் நடிப்புக்கு அடிப்படையாக இருப்பது இந்தச் சில நொடிகள்தான்.

பள்ளிகளுக்கிடையிலான எம்எஸ்எஸ்எம் போட்டிகள், பிறகு 1986-ல் தொடங்கப்பட்ட மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மா என்று சிலாங்கூருக்காக எறிந்தேன். அதற்கு மேல் போகவில்லை. அந்தக் கதையில் இங்கே சொல்லத்தக்கது அதிகம் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் வீடியோ கேசட்டாக வாடகைக்குக் கிடைத்தது. தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2-இல் தொடங்கி 1990 ஜூன் வரை 94 அத்தியாயங்கள் ஓடிய தொடர். கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போய் எடுத்துவருவோம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. மகாபாரதம் தெரியும், அது போதும். பாட்டி முன்கூட்டியே கதை சொல்லிவிடுவார், நாங்கள் சரிபார்த்துக்கொள்வோம். எனக்குப் பீமன்மேல்தான் கண். ஒரு நாள் வாத்தியாரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அது யார் தெரியுமா? நம்ம ஆள்! வட்டெறிந்தவன்!" என்றார்.

பிரவீன் குமார் சோப்தி பஞ்சாபில் பிறந்தவர். எல்லைப் பாதுகாப்புப் படையில் வேலை பார்த்தவர். வட்டும் சம்மட்டியும் எறிந்தவர். 1966-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சம்மட்டி எறிதலில் வெள்ளி. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் வட்டெறிதலில் தங்கம். 1970-இல் மீண்டும் பாங்காக், மீண்டும் தங்கம். 1968 மெக்சிகோ, 1972 மூனிக் என இரண்டு ஒலிம்பிக். மலேசியத் தமிழனுக்கு அந்த 1966 பாங்காக் என்றாலே நெஞ்சு நிமிரும். நம் மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்ற போட்டி அது. ஒரு பக்கம் 'பறக்கும் டாக்டர்' ஓடினார், இன்னொரு பக்கம் பிற்காலத்துப் பீமன் வட்டெறிந்தார். வாத்தியார் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

தமிழர்களுக்குப் பிரவீன் குமார் வேறொரு விதத்தில் பழக்கம். 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் மதனின் மெய்க்காப்பாளர் பீம் பாய். கமல் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும் விதத்தை இன்றும் கிள்ளான் கல்யாண வீடுகளில் யாராவது ஒருவர் செய்து காட்டுவார். அந்தப் படத்தில் அவர் செய்தது கொஞ்சம்தான். நிற்பார், பார்ப்பார், சொன்னதைச் செய்வார். சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் பேசிக்கொண்டே இருக்கும் படத்தில் ஒருவர் மட்டும் அசையாமல் நிற்பதுதான் அங்கே வேலை செய்தது.

பீமனாக அவர் நடித்ததில் என்னால் மறக்க முடியாத காட்சி கதாயுதம் சுழற்றும் காட்சி அல்ல. சூதாட்ட சபை. பாஞ்சாலியை இழுத்து வருகிறார்கள். அண்ணன் தோற்றுவிட்டான்; தம்பிகள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய உடம்பு எழுந்திருக்க முடியாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. எழுந்தால் அந்தச் சபையே தாங்காது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எங்கள் பாட்டி கேசட்டைப் பார்த்து அழுதார். ஒல்லியான ஒரு நடிகர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த வேதனை பாதிதான் வந்திருக்கும். பெரிய உடம்பை அடிக்க விட்டால் பார்வையாளன் கைதட்டுவான்; அடிக்க முடியாமல் உட்கார வைத்தால் அழுவான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வயது ஆகியிருந்தது. செய்து பார்க்க இன்னும் நெடுங்காலம் ஆனது.

இந்த வரிசையில் அவருக்கும் மூத்தவர் தாரா சிங். 1947-இல் சிங்கப்பூருக்கு வந்து, மலாயாவில் மல்யுத்தம் செய்து பெயர் எடுத்த பிறகுதான் இந்தியாவில் அவர் பெரிய ஆள். எங்கள் அப்பா தலைமுறைக்குத் தாரா சிங், கிங்காங் என்ற மல்யுத்தக்காரர்களின் பெயர்கள் சொந்தக்காரர் பெயர்கள் மாதிரி. பம்பாய்ப் படங்களில் சட்டையில்லாமல் எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்ட அவர், 1987-இல் தொடங்கிய ராமானந்த சாகரின் ராமாயணத்தில், அறுபதை நெருங்கும் வயதில் அனுமனாக வந்தார். மலையைத் தூக்கியதைவிட, ராமன் காலடியில் கைகூப்பி உட்கார்ந்ததற்காகவே மக்கள் அவரைக் கும்பிட்டார்கள். உலகத்தை மல்லாக்கத் தள்ளக்கூடிய ஒருவர் பணிந்து உட்கார்ந்தால் அந்தப் பணிவுக்கு ஓர் எடை வந்துவிடுகிறது. மல்யுத்த மேடையில் கழித்த அத்தனை ஆண்டுகளும் அந்த உட்காரலுக்குள் இருந்தன என்று நான் நம்புகிறேன்.

நான் நடிக்க வந்தது வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில். பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. மாலையில் பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் மேடை நாடக ஒத்திகை. கூட்டிப்போனவன் என்னோடு குண்டெறிந்த நண்பன். அவன் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டான், நான் தங்கிவிட்டேன். அங்கிருந்து அங்காசபுரியில் ஆர்டிஎம் நாடகங்கள். 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. அதன் வானவில் அலைவரிசைக்கு நாடகங்களும் டெலிமூவிகளும் தேவைப்பட்டன, வேலை பெருகியது. ஒரே ஆட்கள்தான் எல்லாவற்றிலும் வருவோம். காலையில் ஷா ஆலமில் அடியாள், மாலையில் செந்தூலில் போலீஸ்காரர்.

ஒத்திகை மாடியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு நாடகக்காரர். வானொலி நாடகத்தில் குரல் கொடுத்து வளர்ந்தவர். முதல் நாளே என்னிடம், "தம்பி, நீ உள்ள வந்தாலே மேடை நெறைஞ்சிருது. இனி நீ செய்ய வேண்டியது குறைக்கிற வேலைதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. விளையாட்டில் யாரும் குறைக்கச் சொன்னதில்லை. அங்கே அளவுநாடா இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கூடினால் கூடியதுதான், அதை மறுக்க யாராலும் முடியாது. நடிப்பில் அளவுநாடா கிடையாது. ஒரு காட்சி முடிந்ததும் நான் பழக்கதோஷத்தில் இயக்குநர் முகத்தைப் பார்ப்பேன், எவ்வளவு தூரம் போயிற்று என்று. அவரோ மானிட்டரையும் மணியையும் பார்த்துக்கொண்டிருப்பார். விளையாட்டிலிருந்து வருகிற எல்லோருக்கும் இதுதான் முதல் கஷ்டம். தீர்ப்பு உடனே வராது, வந்தாலும் எண்ணாக வராது. பலர் இந்த இடத்தில்தான் ஓடிவிடுகிறார்கள்.

மூச்சிலும் அப்படித்தான். வட்டெறிபவன் மூச்சை அடக்கி, வட்டு கழலும் நொடியில் கத்தலோடு வெளியே விடுவான். வசனம் பேசுகிறவனுக்கு மூச்சு சொட்டுச் சொட்டாகச் செலவாக வேண்டும். என் முதல் வசனங்கள் எல்லாம் வெடித்தன. "காப்பி வேணுமா?" என்று கேட்டால்கூட சண்டைக்கு வருகிறாற்போல் இருக்கும். பெரியவர் என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் படிக்கச் சொல்வார். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. முடிவில் மூச்சு மிச்சமிருக்க வேண்டும். மாதக்கணக்கில் அது நடந்தது. பயிற்சி என்றால் அலுப்பு வராமல் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது என்பது திடலில் எனக்குப் பழகியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். வீரர்கள் கலைக்குக் கொண்டுவரும் சீதனம் இதுதான் என்று முதலில் பட்டது அப்போதுதான்.

அது கேமராவில் எப்படிப் பலிக்கிறது என்பதை ஒரு படப்பிடிப்பை வைத்துச் சொல்கிறேன். ஒரு டெலிமூவி. எனக்கு அதில் பெயர் இருந்தது, ஒரு மகனும் இருந்தான். பழுதான காடிகளை இழுத்துப்போகும் லாரி ஓட்டுகிறவர். பையன் லாக்அப்பில் இருக்கிறான். அவனுடைய பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியை கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து, "அவன் நல்ல பிள்ளைங்க" என்கிறார். தகப்பன் ஒன்றும் சொல்வதில்லை. தே தாரெக் கலக்கிக் குடிக்கிறார். அவ்வளவுதான் காட்சி. இடம் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையோரம். 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தச் சாலையில் ஒலிப்பதிவு செய்வது பெரும்பாடு. சில நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்குமேல் இரைச்சல் வரும், ஒலிப்பதிவாளர் கையைத் தூக்குவார், பாதியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு முறையும் எல்லாம் அதேபோல் இருக்க வேண்டும். கரண்டி வலது கையில். மூன்று கலக்கு. கரண்டியைத் தட்டில் வைப்பது ஆசிரியை 'நல்ல' என்று சொல்லும்போது. கிளாஸைத் தூக்குவது 'பிள்ளைங்க' முடிந்த பிறகு. ஒரு வாய்தான், கிளாஸ் வாயை மறைக்கக் கூடாது. திரும்ப வைக்கும்போது முன்பிருந்த ஈர வளையத்தின் மேலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் கிளாஸ் மேசைமேல் குதிக்கும். என்னோடு நடித்த அம்மா அனுபவசாலி, அவரே களைத்துப் போனார். எனக்குக் களைப்பு வரவில்லை. கால், இடுப்பு, தோள், கை என்று ஒரே வரிசையை வாழ்நாளெல்லாம் திருப்பிச் செய்தவனுக்குக் கரண்டி, தட்டு, கிளாஸ் என்பது ஒரு பாரமே இல்லை. உடம்பு தானாக அதைச் செய்துகொண்டிருந்தது. அதனால் மனசு அந்தப் பையனைப் பற்றி நினைக்க ஓய்வாக இருந்தது. நடிப்பில் இது பெரிய செல்வம். கையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவனால் எதையும் உணர முடியாது.

கடைசியில் ஒரு தடவை ரயில் வரவில்லை. ஆசிரியை பேசி முடித்தார், நான் குடித்தேன், கிளாஸை வைத்தேன். காட்சி முடிந்தது. ஆனால் 'கட்' வரவில்லை. இயக்குநர் இளைஞர், மானிட்டரில் எதையோ பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தேன். வட்டு இன்னும் தரையைத் தொடவில்லை. எழுந்திருக்கும் உரிமை எனக்கு இல்லை. வசனம் முடிந்தது, செய்கை முடிந்தது, ஆனால் அந்தத் தகப்பன் முடியவில்லை. உள்ளே ஏறிவந்த வேகத்தை வெளியே விடாமல் கரைக்கப் பார்த்தேன். கழுத்து நரம்பு இழுத்தது, தாடை இறுகியது, பிறகு கண் நிறைந்தது. திட்டமிட்டுச் செய்தது எதுவும் இல்லை. 'கட்' வந்தபோது அந்த அம்மா மேசைக்கு மேலாக என் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் அந்தத் துண்டு முழுதாக இருந்தது. "அண்ணே, இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று அந்த இயக்குநர் கேட்டார். கிள்ளானில் என்றேன்.

நடிப்புப் பள்ளியில் படித்த நல்ல நடிகர்கள் பலர், வசனம் முடிந்த மறுநொடி முகத்தைக் கழற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்துவிடுகிறார்கள். எடிட்டருக்கு வெட்ட இடம் கிடைக்காது. ஓட்டக்காரன் கோட்டைத் தாண்டியும் ஓடுகிறான், எறிபவன் எறிந்தபின்னும் உள்ளே நிற்கிறான், நீளம் தாண்டுபவன் மணலில் விழும்போதும் பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்கிறான். செய்கை முடிந்த பிறகும் அதற்குள்ளேயே இருப்பது எங்களுக்குச் சட்டம், பழக்கம், பிழைப்பு. சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று' படத்துக்கு நடிகையைத் தேடிக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்காமல், உண்மையான சண்டைக்காரியான ரித்திகா சிங்கைத் தேடிப்பிடித்து நடிக்கக் கற்றுக்கொடுத்தார். ரித்திகாவுக்கு அப்போது தமிழ் தெரியாது. 63-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. குத்துகள் உண்மையாக இருந்ததற்காக மட்டும் அது கிடைத்திருக்காது. தோற்ற பிறகு அந்தப் பெண் நிற்கும் விதத்தைப் பாருங்கள். தோற்றுப் பழகாதவர்களால் அப்படி நிற்க முடியாது.

நம் நாட்டில் இந்தப் பக்கம் பார்வை திரும்ப நாளாயிற்று. வெகு காலம் எங்கள் நாடகங்களில் தகப்பன்கள் மேடைத் தமிழ் பேசினார்கள், அடியாட்கள் சென்னைத் தமிழ் பேசினார்கள். கிள்ளானில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்தபோது திரையரங்கில் உட்கார்ந்து முதல்முறையாக எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டேன். தோட்டம் இழந்து கம்பத்துக்கு வந்த குடும்பம், படிப்பா ரவுடித்தனமா என்று இரண்டு பக்கமும் இழுபடும் சிறுவன், கெங்கில் சேர்ந்த சித்தப்பன். அந்த அடியாட்களுக்கு வீடு இருந்தது, பசி இருந்தது, பயம் இருந்தது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அந்தப் படம் விருது பெற்றபோது, பல ஆண்டுகள் 'அடியாள் 2' ஆக விழுந்த எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

இனி இந்தத் தொழிலின் இன்னொரு பக்கம். ஒரு படப்பிடிப்பில் படிக்கட்டில் உருண்டு விழும் காட்சி. மெத்தை போடவில்லை, நேரமில்லை என்றார்கள். வீரன்தானே, தாங்குவான் என்று ஒரு நினைப்பு. முழங்கால் திரும்பிவிட்டது. மருத்துவமனைச் செலவு என் தலையில். பேசிய சம்பளமும் முழுசாக வரவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. வாயால் பேசியதை யாரிடம் காட்டுவது? கிடங்கு வேலை இருந்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது இல்லாத நண்பர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீரனுடைய உடம்பு ஏற்கெனவே பாதி செலவாகிப்போன உடம்பு. வெளியே பார்க்கப் பாறை மாதிரி இருக்கும். உள்ளே முதுகு, முழங்கால், தோள்மூட்டு எல்லாம் தேய்ந்திருக்கும். படப்பிடிப்பில் அதை மறுபடி செலவழிக்கிறோம். பிரவீன் குமார் வாழ்க்கையின் கடைசிப் பகுதியில், இரண்டு ஆசியத் தங்கம் வென்ற பிறகும் தனக்கு விளையாட்டு வீரருக்குரிய ஓய்வூதியம் கிடைக்கவில்லை என்று பஞ்சாப் அரசுகளிடம் முறையிட்டார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றவர், இந்தியாவே பீமன் என்று அறிந்தவர். 2022 பிப்ரவரியில் டில்லியில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜெகதீசனின் வழி வேறு. ஓடிக்கொண்டே மருத்துவம் படித்தார். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. நின்ற காலமெல்லாம் அவர் டாக்டராக நாட்டுக்கு உழைத்தார். எல்லோரும் டாக்டராக முடியாது. ஆனால் ஒரு கிடங்கிலோ பள்ளியிலோ நகராண்மைக் கழகத்திலோ ஒரு வேலை இருக்கலாம். நடிப்பு முழுநேரமாகும் வரை அதை விடாதீர்கள் என்று என்னிடம் வரும் பையன்களுக்குச் சொல்கிறேன். கனவைக் குறைக்கச் சொல்வதாகச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். வாடகை பாக்கி இருக்கும்போது நல்ல பாத்திரத்துக்காகக் காத்திருக்க முடியாது. வருகிற அடியாள் வேடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். வேலை இருக்கிறவனால்தான் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்று. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டம் 2017-இல் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்காகத் தொடங்கியது. 2020 முதல் கலைஞர்களும் சேரலாம். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் வேலையிடத்தில் அடிபட்டால் கைகொடுக்கும். என் முழங்கால் போன காலத்தில் எனக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. நாட்டுக்காக ஆடியவர்கள் என்றால் தேசிய விளையாட்டாளர் நல அறவாரியமான யாகேப்பிலும் பதிந்துகொள்ளுங்கள். சம்பளம், நாள், சண்டைக்காட்சி உண்டா, அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். எழுதித் தர மறுப்பவர்கள் சம்பளமும் தர மாட்டார்கள்.

எழுதுகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1998-இல் நம் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, ஓடிவிடாமல், ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருக்க, ஒரு தமிழன் நடந்தான். ஓட முடிந்தவன் ஓடாமல் இருக்கும் விளையாட்டு அது. அதற்குள் எவ்வளவு பெரிய நாடகம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மனிதர்களை எழுதுங்கள். அதில் நடிக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். கிள்ளானிலும் பந்திங்கிலும் செந்தூலிலும் ஓடி, எறிந்து, தாண்டி, வயது முப்பதைத் தொட்டதும் திடலை விட்டு வந்து ஜாகா வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் உங்கள் ஆள் தேர்வுக்கு வந்தால், சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஒரு நாற்காலியைப் போட்டு, இரண்டு பக்க வசனத்தைக் கையில் கொடுங்கள்.